ஓசிதான்... ஆனா பில் கட்டினது யாரு?



ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. ஹாஸ்டல் ரூமில் நாலு பேர், ஒரு லேப்டாப், ஒரு கெட்டில் மேகி. மணி ரெண்டு ஆச்சு. 'லிட்டரேச்சர் சர்வே எங்கேப்பா?' என்று காலையில் ஹெச்.ஓ.டி. கேட்பாரே என்ற பயத்தில் பப்மெட்டைத் திறக்கிறீர்கள். பயோடெக் மக்கள் என்றால் ஜென்பேங்க்கும் பிளாஸ்ட்டும். 'ஹெல்த்கேரில் மெஷின் லேர்னிங்' என்று பந்தாவாகத் தலைப்பு வைத்துவிட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசாமிகள், ஐ.சி.யூ. டேட்டா எங்கே கிடைக்கும் என்று அலைவார்கள். கடைசியில் எல்லாம் கிடைத்துவிடும். ஒரு இடத்திலும் காசு கேட்க மாட்டார்கள்.

ஓசி!

இந்த வார்த்தைக்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று மேலே எழுதிவிட்டால் தபாலுக்குக் காசு வேண்டாமாம். அந்த 'ஓ.சி.'தான் நம்ம ஊரில் ஓசி ஆனதாம். கதை இருக்கட்டும். ஒரு விஷயம் யோசியுங்கள். அந்தத் தபாலைச் சுமந்துகொண்டு நடந்தவருக்கு யாரோ சம்பளம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? உங்கள் பப்மெட்டும் அப்படித்தான். நமக்கு ஓசி. பில் வேறொரு டேபிளுக்குப் போயிருக்கிறது.

எந்த டேபிள் என்று இந்த வாரம் பார்த்துவிடுவோமா?

மிச்சக் காசில் பிறந்த லைப்ரரி

1865. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. ராணுவ மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். கையிருப்பில் மிச்சமாகி நின்ற பணம் சுமார் 80 ஆயிரம் டாலர். அது ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ டாக்டரிடம் வந்து சேர்ந்தது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? புத்தகம் வாங்கினார். ராணுவத் தலைமை டாக்டரின் ஆபீஸில் ஒரு மூலையில் கிடந்த குட்டி லைப்ரரியை, நாட்டின் மிகப் பெரிய மருத்துவ லைப்ரரியாக வளர்த்தார்.

அதோடு விடவில்லை. 1879-ல் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்று ஒன்றை ஆரம்பித்தார். உலகம் முழுக்க வரும் மருத்துவப் பத்திரிகைகளில் எந்தக் கட்டுரை எதில் வந்திருக்கிறது என்று மாசாமாசம் ஒரு பட்டியல். அதாவது, கூகுள் வருவதற்கு நூற்றுச் சொச்சம் வருடம் முன்னாடியே ஒரு தேடுபொறி. பேப்பரில்! சென்சஸ் கணக்கை எண்ண ஒரு மெஷின் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஹெர்மன் ஹாலரித் என்ற இளைஞருக்கு யோசனை கொடுத்தவரும் இதே பில்லிங்ஸ்தான். அந்தத் துளை அட்டை மெஷின் 1890 சென்சஸில் ஓடியது. ஹாலரித்தின் கம்பெனிதான் பின்னாளில் ஐ.பி.எம்.முக்கு ஒரு வேராக அமைந்தது.

அந்த லைப்ரரியின் இன்றைய பெயர் நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின். மேரிலாந்து மாநிலத்தில் பெதெஸ்டாவில் இருக்கிறது. 1968 முதல் என்.ஐ.ஹெச். என்கிற அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்புக்குள் ஒரு பிரிவு. 1964-ல் பட்டியல் கம்ப்யூட்டருக்கு ஏறியது. 1971-ல் 'மெட்லைன்' என்ற பெயரில் ஆன்லைன் வந்தது. அப்போதெல்லாம் தேடினால் கட்டணம் உண்டு. 1997 ஜூனில்தான் 'இனி யாரும் காசு கட்ட வேண்டாம்' என்று பப்மெட்டைத் திறந்துவிட்டார்கள். அன்று முதல் தேடலைச் செய்து காட்டியவர் அப்போதைய துணை ஜனாதிபதி அல் கோர். இன்றைக்கு அதில் 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் இருக்கிறது. வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் புரொபசருக்கும் சரி, விருதுநகர் ஹாஸ்டலில் மேகி சாப்பிடும் உங்களுக்கும் சரி, ஒரே பப்மெட்!

'இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?'

இப்போ ஒரு மேடம் பற்றிச் சொல்லணும். மார்கரெட் டேஹாஃப். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர். உலகத்தில் அதுவரை யார் யார் எந்தெந்தப் புரதத்தின் வரிசையைக் கண்டுபிடித்திருக்கிறார்களோ, எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேர்த்து 1965-ல் ஒரு புத்தகமாகப் போட்டார். எத்தனை புரதம் தெரியுமா? 65. அவ்வளவுதான். ஆனால், பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்ற சப்ஜெக்ட்டின் பிள்ளையார் சுழி அதுதான். அமினோ அமிலத்துக்கு ஒற்றை எழுத்துப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவரும் இவரே. எக்ஸாமில் அதை மனப்பாடம் பண்ணித் திட்டியவர்கள் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து பயாலஜி ஆட்கள் பலர் இதை ஆராய்ச்சியாகவே மதிக்கவில்லை. 'லேபில் நாங்க கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கிறோம். அதை வாங்கி அடுக்கி வைக்கிறது ஒரு வேலையா?' என்று ஓர் இளக்காரம். நிலையான நிதிக்கு அவர் ரொம்பவே போராட வேண்டியிருந்தது. புத்தகத்தை விற்று, டேட்டாவுக்குக் காசு வாங்கித்தான் வண்டி ஓட்டினார். வாங்கியவர்கள் அதை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்று கண்டிஷனும் போட்டார்.

1982-ல் அமெரிக்க அரசு, டி.என்.ஏ. வரிசைகளுக்கு ஒரு பொதுச் சேமிப்பு வேண்டும் என்று முடிவு செய்தது. போட்டியில் டேஹாஃப் அணியும் இருந்தது. ஆனால், காண்ட்ராக்ட் போனது லாஸ் அலமாஸ் ஆய்வகத்தை உள்ளடக்கிய அணிக்கு. அவர்கள் சொன்னது இதுதான்: 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு எந்த உரிமையும் வேண்டாம்.' அப்படிப் பிறந்ததுதான் ஜென்பேங்க். அடுத்த வருடமே டேஹாஃப் இறந்துபோனார்.

அவர் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அரசு கொடுக்காத இடத்தில் காசு வாங்கித்தான் கடை நடத்த முடியும். அரசு முழுசாகக் கொடுத்த இடத்தில்தான் கதவை அகலமாகத் திறந்து வைக்க முடிந்தது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

606-ல் ஆரம்பம்

1982 டிசம்பரில் வந்த ஜென்பேங்க் வெளியீட்டில் இருந்தவை 606 வரிசைகள், மொத்தம் 6,80,338 எழுத்துகள். 1988-ல் இதற்கென்றே தனி மையம் வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அதை முன்னின்று இழுத்தவர் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கிளாட் பெப்பர். அப்போது அவருக்கு வயசு 88! டி.என்.ஏ. டேட்டாபேஸுக்காக ஒரு தாத்தா அலைந்திருக்கிறார், பாஸ். அப்படி உருவான என்.சி.பி.ஐ.யின் விஞ்ஞானிகள், பல்கலைக்கழக நண்பர்களோடு சேர்ந்து 1990-ல் வெளியிட்டதுதான் பிளாஸ்ட். உங்களிடம் இருக்கும் ஒரு வரிசையைக் கொடுத்தால், உலகத்தில் இதே ஜாடையில் வேறு எதெல்லாம் இருக்கிறது என்று கல்யாண வீட்டுப் பெரியம்மா மாதிரி சட்டென்று சொல்லிவிடும்.

அடுத்து மனித ஜீனோம் திட்டம். 1990-ல் ஆரம்பித்து 2003-ல் முடிந்தது. செலவு சுமார் 300 கோடி டாலர். பணத்தைவிட முக்கியமானது 1996-ல் பெர்முடா தீவில் நடந்த ஒரு கூட்டம். 'கண்டுபிடித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் போட்டுவிட வேண்டும்' என்று அங்கே முடிவெடுத்தார்கள். பேப்பர் பப்ளிஷ் ஆகும்வரை பெட்டியில் பூட்டி வைக்கும் பழக்கம் உள்ள உலகத்தில் இது சாதாரண விஷயமில்லை.

இதன் பலன் எப்போது தெரிந்தது? நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அப்போது. 2020 ஜனவரி 11. கொரோனா வைரஸின் கிட்டத்தட்ட 30 ஆயிரம் எழுத்து வரிசையைச் சீன விஞ்ஞானிகளின் குழு பொதுவில் வெளியிட்டது. உடனே ஜென்பேங்க்கிலும் ஏறியது. ஜனவரி 13-ம் தேதி என்.ஐ.ஹெச். விஞ்ஞானிகளும் மாடர்னா கம்பெனியும் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டார்கள். ரெண்டே நாள்! வைரஸை யாரும் பார்சலில் அனுப்பவில்லை. எழுத்துகள் மட்டும் போதுமானதாக இருந்தன. மார்ச் 16-ம் தேதி முதல் ஊசி ஒரு மனிதருக்குப் போடப்பட்டது. அந்த வேகத்துக்குப் பின்னால், 'அடுக்கி வைக்கிறது ஒரு வேலையா' என்று கேட்கப்பட்ட பல வருட வேலை இருக்கிறது.

300 வயசு பாட்டி

இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு. 'மிமிக்' என்று ஒரு டேட்டாபேஸ். பாஸ்டன் நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ. பதிவுகளை எம்.ஐ.டி. குழு ஒன்று என்.ஐ.ஹெச். பணத்தில் சேர்த்துத் தருகிறது. 2016-ல் வந்த மூன்றாவது பதிப்பில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். நாடித் துடிப்பு, ரத்தப் பரிசோதனை, கொடுத்த மருந்து, நர்ஸ் எழுதிய குறிப்பு வரைக்கும் இருக்கும்.

அதைத் திறந்து பார்த்தால் முதலில் குழம்பிப்போவீர்கள். தேதி எல்லாம் 2100-க்கு மேல் இருக்கும். சில நோயாளிகளுக்கு வயசு 300! பக் இல்லை. யார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒவ்வொருவரின் தேதிகளையும் எதிர்காலத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். 89 வயசைத் தாண்டியவர்கள் ஊருக்குச் சிலர்தானே இருப்பார்கள், சுலபமாக அடையாளம் தெரிந்துவிடும் என்று அவர்களுக்கு 300-ஐத் தாண்டிய வயசு. அந்த 300 வயசு பாட்டி நிஜம். ஏதோ ஒரு ராத்திரி, பாஸ்டனில், வெளியே பெஞ்சில் பேரன் உட்கார்ந்திருக்க, உள்ளே வென்டிலேட்டரில் கிடந்தவர். உங்கள் எக்செல் ஷீட்டில் அவர் ஒரு வரி.

அதனால்தான் இதை மட்டும் சும்மா டவுன்லோடு பண்ண முடியாது. காசு வேண்டாம். ஆனால், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியின் அறம் பற்றி ஒரு ஆன்லைன் கோர்ஸ் முடிக்க வேண்டும். உங்கள் கைடு பெயரைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'மச்சி, பென் டிரைவ்ல போட்டுக் குடுடா' கதை இங்கே நடக்காது. டீமில் ஒவ்வொருவரும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஏ.ஐ. சாட்பாட்டில் அந்தக் குறிப்புகளை ஒட்டி 'சுருக்கிக் கொடு' என்று கேட்பதும் மூன்றாம் நபருக்குக் கொடுத்த கணக்கில்தான் வரும்.

இந்த மாதிரிப் பதிவுகளைத் திரட்டினால் என்ன லாபம்? கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர்... அந்தக் கருவியைப் பற்றி 2020 டிசம்பரில் மிஷிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்தபோது உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது எத்தனை தடவை? வெள்ளைக்கார நோயாளிகளிடம் 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். 178 மருத்துவமனைகளின் ஐ.சி.யூ. பதிவுகளில் பார்த்தபோதும் இதே வித்தியாசம். தோலின் நிறம் கருவியை ஏமாற்றுகிறது! பல வருடமாக உலகம் முழுக்க விற்ற கருவி. 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டது. புது மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே சேர்த்து வைத்த டேட்டாவும், சரியான ஒரு கேள்வியும் போதுமானதாக இருந்தன. நம்ம கலருக்கு இந்த நியூஸ் எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

தொட்டி கழுவுற அன்னைக்கு யாரும் வர மாட்டாங்க

இனிதான் கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

ஊரில் தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழா என்றால் எம்.எல்.ஏ. வருவார், மாலை, மைக் செட், கேசரி எல்லாம் உண்டு. ஆறு மாசம் கழித்து அதே தொட்டியைக் கழுவ ஆள் போட வேண்டும் என்றால், 'ஃபண்டு இல்லையே' என்பார்கள். டேட்டாபேஸ் கதையும் அப்படியே. 'கேன்சருக்கு மருந்து' என்று சொன்னால் பணம் வரும். 'கேன்சர் டேட்டாவைச் சரிபார்த்து அடுக்கி வைக்க பத்து பேருக்கு 20 வருஷம் சம்பளம் வேண்டும்' என்றால் கொட்டாவி விடுவார்கள்.

சும்மா சொல்லவில்லை. 1996-ல் ஸ்விட்சர்லாந்தின் புகழ்பெற்ற புரத டேட்டாபேஸ் 'ஸ்விஸ்-ப்ராட்' பணமில்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்தது. உலகம் முழுக்க விஞ்ஞானிகள் சத்தம் போட்டுத்தான் காப்பாற்றினார்கள். 2011-ல் என்.சி.பி.ஐ.யே தன்னுடைய பிரமாண்டமான டி.என்.ஏ. பதிவுக் கிடங்கு ஒன்றை, பட்ஜெட் இல்லை என்று மூடப்போவதாக அறிவித்தது. அப்புறம் என்.ஐ.ஹெச். பணம் கொடுத்து நிறுத்தியது. அராபிடாப்சிஸ் என்று கடுகு இனத்தில் ஒரு சின்னச் செடி. உலகத் தாவர விஞ்ஞானிகளின் செல்லம். அதன் டேட்டாபேஸுக்கு 2013-ல் அமெரிக்க அரசு நிதி நின்றது. இப்போது சந்தா கட்டணம்.

2025-ல் என்.ஐ.ஹெச்.சுக்கே சோதனை. ஏற்கெனவே கொடுத்த ஆராய்ச்சி நிதிகளில் பல பாதியில் ரத்தாயின. அந்த வருடம் மே மாதம் வெள்ளை மாளிகை வைத்த பட்ஜெட் திட்டம், என்.ஐ.ஹெச். பணத்தில் சுமார் 40 சதவீதத்தை வெட்டச் சொன்னது. திட்டம்தான், கடைசி முடிவு நாடாளுமன்றம் கையில். ஆனாலும் ஒரு கையெழுத்தில் எவ்வளவு ஆட்டம் காணும் என்று உலகம் பார்த்துவிட்டது. ஒரு கணக்கு சொல்கிறேன். என்.ஐ.ஹெச்.சின் வருட பட்ஜெட் சுமார் 4,700 கோடி டாலர். அதில் பப்மெட், ஜென்பேங்க் எல்லாவற்றையும் நடத்தும் அந்த லைப்ரரிக்குப் போவது சுமார் 50 கோடி. நூற்றுக்கு ஒன்று! அந்த ஒரு ரூபாயைத்தான் உலகத்தில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

'கவர்ன்மென்ட் எதுக்கு? கம்பெனிகள் பார்த்துக்குமே' என்பீர்கள். ஆல்ஃபாஃபோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். புரத வடிவத்தைக் கணிக்கும் ஏ.ஐ., கூகுள் டீப்மைண்டுடையது. 2024-ல் கெமிஸ்ட்ரி நோபலே வாங்கியது. ஆனால், அது பாடம் படித்தது எங்கே? 1971-ல் வெறும் 7 வடிவங்களோடு அமெரிக்க அரசு ஆய்வகம் ஒன்றில் தொடங்கி, இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்ட புரோட்டீன் டேட்டா பேங்க்கில்! 50 வருடம் பல நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நிரம்பிய பெட்டி. கம்பெனி அபாரமாகச் சமைத்தது, சந்தேகமில்லை. அரிசி பருப்பு பொதுக் கிடங்கிலிருந்து வந்தது.

அந்தப் பெட்டிக்குள் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். அங்கே சேரும் ஒவ்வொரு புரத வடிவமும் சரிதானா என்று சோதிக்கும்போது 'ராமச்சந்திரன் பிளாட்' போட்டுப் பார்ப்பார்கள். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவர் குழுவும் போட்ட படம் அது. கிண்டி பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒரு சல்யூட் அடிக்கலாம்.

சரி, நாம என்ன பண்ணணும்?

முதலில், ஓசியில் வாங்கிக்கொண்டே இருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்டன் நோயாளிகளின் டேட்டாவில் பழகிய மாடல், மதுரை நோயாளிக்குச் சரியாக வேலை செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உடல்வாகு வேறு, நோய் வேறு, ஆஸ்பத்திரிக்கு வரும் நேரமே வேறு. ஆக்சிமீட்டர் கதையை மறந்துவிடாதீர்கள். நம்ம டேட்டாவை நாமதான் ஒழுங்காகச் சேர்க்க வேண்டும். அதற்கு நம்ம அரசு தொடர்ந்து செலவழிக்க வேண்டும்.

செலவழிக்காமல் இல்லை. மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை 1980-களின் பிற்பாதியிலேயே நாடு முழுக்க பயோஇன்ஃபர்மேடிக்ஸ் மையங்களைத் தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதில் ஒன்று. 2022-ல் ஃபரிதாபாத்தில் இந்தியாவுக்கென்று ஒரு உயிரியல் டேட்டா மையம் திறந்தார்கள். 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் சேர்த்த 10 ஆயிரம் பேரின் ஜீனோம் டேட்டா 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டது. விழா முடிந்தது. இனி தொட்டியைக் கழுவ ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீங்கள்தான். கோடு எழுதத் தெரிந்தவருக்கு கிரியாட்டினின் என்றால் என்ன என்று தெரிவதில்லை. மெடிக்கல் மாணவருக்கு எஸ்.க்யூ.எல். என்றால் அலர்ஜி. ரெண்டும் தெரிந்தவர்கள்தான் இந்தத் துறைக்குத் தேவை. இதற்காகவே அமெரிக்காவில் அந்த லைப்ரரி, அரை நூற்றாண்டாகப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து ஆட்களைத் தயார் பண்ணி வந்திருக்கிறது. நாம் இப்போதைக்கு எதிர் பிளாக்கில் இருக்கும் டிபார்ட்மென்ட்டுக்குப் போய் ஒரு ஃப்ரெண்டு பிடித்தாலே போதும். செலவு ரெண்டு டீ.

கடைசியாக ஒரே ஒரு ரிக்வெஸ்ட். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம் இருக்குமே... கடவுள், அப்பா அம்மா, பிரின்சிபால், ஹெச்.ஓ.டி., லேப் அட்டெண்டர் என்று வழக்கமான லிஸ்ட். இந்த தடவை அதில் ஒரு வரி சேருங்கள். எந்த டேட்டாபேஸைப் பயன்படுத்தினீர்கள், அதை யாருடைய நிதி நடத்துகிறது என்று. பட்ஜெட் வெட்டு வரும்போது 'இதை யார் பயன்படுத்துகிறார்கள்?' என்று கேட்டால், காட்டுவதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த மாதிரி வரிகள்தான்.

இடம் இருந்தால், அந்த 300 வயசு பாட்டிக்கும் ஒரு தேங்க்ஸ்.

அடுத்த வாரம் பார்ப்போம், ஃப்ரெண்ட்ஸ். ரிவ்யூவுக்கு ஆல் தி பெஸ்ட்!